பழங்கார்களின் சேஸ்: சரிசெய்வதா, மாற்றுவதா

காரின் எடையைத் தாங்கி, நான்கு சக்கரங்களையும் ஒன்றுக்கொன்று நேராக நிறுத்தும் எஃகுக் கட்டமைப்புதான் சேஸ். விபத்து, துரு, அளவுக்கு மிஞ்சிய பாரம், முன்பு யாரோ அவசரத்தில் போட்ட வெல்டிங் ஆகிய நான்கும் அதைக் கெடுக்கும். கெட்டதைச் சரிசெய்வதா, கழற்றிவிட்டு வேறு போடுவதா என்பது எல்லா நாட்டுப் பழங்கார்க்காரர்களுக்கும் வரும் கேள்வி. நம் ஊரில் இதற்குப் பட்டறை மட்டும் பதில் சொல்ல முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் காருக்கு அடையாளமாக இருப்பது சேஸ் எண். என்ஜின் மாறினால் எழுதித் திருத்திக்கொள்ளலாம். சேஸ் மாறினால் அது அதே கார்தானா என்ற சந்தேகமே எழும். இதனால் ‘மாற்று’ என்று சொல்வதற்கு முன் சரிசெய்யும் வழிகளையெல்லாம் பார்த்துவிடுவது இங்கே நியாயமான முறை.

எந்த வகைச் சட்டம்?

முதலில் காரின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஜீப்பில் இரண்டு நீளச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களுமாக ஏணி வடிவச் சேஸ் இருக்கும். பாடியை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் (பின்னாளில் பிரீமியர் பத்மினி) தனிச் சேஸ் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பு, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்தே பாரம் சுமக்கும். இவற்றில் ‘சேஸ் மாற்றுவது’ என்றால் ஏறக்குறைய முழு பாடியையும் மாற்றுவதுதான். 1957 வாக்கில் தொடங்கி 2014 வரை உத்தர்பாராவில் அம்பாசடர் வந்துகொண்டிருந்தது. இன்று புதுப் பாடி கிடைக்காது; சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் வெட்டியெடுத்த துண்டுகள்தான் கிடைக்கும்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான உதாரணம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் 1971 வரை இதைத் தயாரித்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலான சிறிய கார்கள் தனிச் சேஸை விட்டுவிட்டன. ஹெரால்டு ஏன் விடவில்லை என்பதற்கு ஒரு வியாபாரக் கதை உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. கைக்குப் போய்விட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அழுத்தித் தர ஆளில்லை. தகடுகளைத் தனித்தனியே செய்து, ஒரு சேஸ் மேல் போல்ட் போட்டு மாட்டிக்கொள்ளும் காராக அதை வடிவமைத்தார்கள். இத்தாலியரான மிக்கெலாட்டியின் உருவமைப்பில் 1959இல் அது வெளிவந்தது. நடுவில் நெருக்கமாக ஓடும் இரண்டு பெட்டிச் சட்டங்கள், அவற்றிலிருந்து மீன்முள்ளாக இருபுறமும் நீளும் கைகள். அன்றைய நெருக்கடியில் பிறந்த இந்த அமைப்பு இன்றைக்குப் பழுதுபார்ப்பவருக்கு வரமாகிவிட்டது. துரு பெரும்பாலும் முதலில் தின்பது ஓரத்துக் கைகளை. அவற்றைத் தனியாக வெட்டிப் புதிதாக வைக்கலாம். நடுச்சட்டம் நன்றாக இருக்கும்வரை ஹெரால்டின் சேஸைத் தூக்கிப்போடக் காரணமே இல்லை என்று சொல்லலாம்.

திண்டுக்கல் சமவெளியில்

சேஸ் எப்படிக் கெடும் என்பது கார் வாழ்ந்த ஊரையும் பொறுத்தது. உதாரணத்துக்கு ரெட்டியார்சத்திரம்; இது திண்டுக்கல்–பழனி நெடுஞ்சாலையில் இருக்கிறது. இன்று தேசிய நெடுஞ்சாலை 83, முன்பு 209. கடலிலிருந்து தள்ளிய வறண்ட நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய ஊர். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் நின்ற காரையும் இங்கே களத்து ஓரம் தகரக் கொட்டகையில் நின்ற காரையும் அடுத்தடுத்துத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆகவே இந்தப் பகுதியிலேயே வாழ்ந்த காரில் துருவைவிட மற்ற மூன்று காரணங்களைத்தான் முதலில் தேட வேண்டும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிய வண்டியென்றால் ஸ்பிரிங் ஹேங்கர் பக்கம் பார்க்க வேண்டும். மேற்கே கன்னிவாடிக்கு மேலுள்ள ஆடலூர், பன்றிமலை போன்ற மலையூர்களுக்கு ஏறி இறங்கிய ஜீப்பாக இருந்தால், ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடத்திலும் குறுக்குச் சட்டம் சேரும் மூலைகளிலும் விரிசல் இருக்கலாம்.

வறண்ட ஊரிலும் துரு பிடிக்கும் இடங்கள் உண்டு. அவற்றுக்கு நாமே வழி செய்கிறோம். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் கழிவு ஆயில் அடிப்பது இங்கே பழைய வழக்கம். வெளித் தகட்டை அது ஓரளவு காப்பாற்றவும் செய்யும். ஆனால் செம்மண் தூசி அந்த ஆயிலில் படிந்து களியாகி, பெட்டிச் சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் துளைகளை அடைத்துவிடும். அடுத்த மழையில் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. மேலே கறுப்பாக மின்னும் சட்டம் உள்ளுக்குள் காகிதமாக மெலிந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அளந்து பார்ப்பது

கண்ணால் பார்த்து ‘பெண்ட் இல்லை’ என்று சொல்வதை யாரும் நம்ப வேண்டாம். சேஸ் ஐந்து விதமாகக் கெடும்: நடுவில் தொய்யும், பக்கவாட்டில் வளையும், ஒரு மூலை மட்டும் தூக்கி முறுக்கும், மோதிய முனை நசுங்கிக் குறுகும், இரண்டு நீளச் சட்டங்களில் ஒன்று மட்டும் பின்னுக்குத் தள்ளப்பட்டுச் செவ்வகம் சாய்சதுரமாகும். கடைசி வகை வெளியே தெரியவே தெரியாது. கார் ஓடும், டயர் மட்டும் மாதக்கணக்கில் தேயும்.

கம்ப்யூட்டர் மேடை இல்லாத பட்டறையிலும் இதைக் கண்டுபிடிக்கலாம். சமமான சிமென்ட் தரையில் வண்டியை நான்கு ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங் கண் போல்ட் போன்ற கம்பெனி வைத்த புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். வண்டியை நகர்த்திவிட்டு அந்தப் புள்ளிகளை மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தால், இரண்டு குறுக்களவும் ஒன்றாக வர வேண்டும். ஏணிச் சேஸில் 6 மி.மீ. வரை வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். அம்பாசடர் வகையில் 3 மி.மீ. தாண்டினால் வேலை இருக்கிறது என்று பொருள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளப்பது அடுத்தது. ஹெரால்டில் அது 2,324 மி.மீ., பழைய சி.ஜே.3பி ஜீப்பில் 2,032 மி.மீ. முறுக்கைப் பிடிக்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டமே போதும்.

துருவுக்குச் சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும். நல்ல சட்டம் தட்டினால் கணீரென்று பேசும். மெலிந்தது ‘தொப்’ என்று சத்தம் தரும். சத்தம் மாறும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்த வேண்டும். உள்ளே இறங்கினால் ஓட்டை, இறங்காமல் பொடி உதிர்ந்தால் பட்டியும் பெயின்டும். அம்பாசடருக்கு இன்னொரு சோதனை இருக்கிறது: பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், கதவு விளிம்புக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்கதவைத் திறந்து மூடிப் பார்ப்பது. கதவு இடித்தால் விளிம்புப் பெட்டி பாரம் சுமக்கவில்லை.

சரிசெய்யும்போது

வளைவை முடிந்தவரை சூடாக்காமல், செயின் பிளாக்கும் ஹைட்ராலிக் ஜாக்கியும் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுப்பது நல்லது. லாரி சேஸ் பெண்ட் எடுக்கும் பட்டறைகளில் இந்தக் கைப்பழக்கம் உண்டு. பழங்கார்க்காரர்கள் அங்கே போகத் தயங்க வேண்டியதில்லை. என்ன எஃகு என்று தெரியாத சட்டத்தைச் சிவக்கக் காய்ச்சி அடித்தால் வலு குறைந்துவிடலாம். நிமிர்ந்த சட்டம் அழகாகத் தெரிவது வேறு, பாரம் தாங்குவது வேறு.

விரிசலுக்கு மேல் அப்படியே வெல்டிங் போட்டால் அது பக்கத்தில் போய்த் திறக்கும். விரிசல் முடியும் நுனியில் சிறு துளை போட்டு நிறுத்தி, வி வடிவில் தேய்த்து, அடிவரை நிரப்பி, அதன்பின் பட்டை வைப்பதே முறை. பட்டையை நேர் சதுரமாக வெட்டாமல், இரண்டு முனையும் கூராகப் போகும்படி வெட்ட வேண்டும். சதுர ஓரத்தில்தான் அடுத்த விரிசல் பிறக்கும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டிங் ஓட்டக்கூடாது, துளையும் போடக்கூடாது. இழுவையும் அழுத்தமும் அதிகம் இருப்பது அங்கேதான். துருவுக்கு மேல் தகடு போர்த்துவதைச் சரிசெய்தல் என்று எண்ணக்கூடாது. இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, பழையதோடு புதியதையும் தின்னும்.

அம்பாசடரிலோ ஃபியட்டிலோ கதவு விளிம்பை வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புப் பைப் வைத்து டேக் அடித்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டிய கார்களில் நடு தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. வேலை முடிந்ததும் பெட்டிகளுக்குள் மெழுகுக் கலவை செலுத்தி, வடிகால் துளைகளைத் திறந்துவிடுவது பெயின்டைவிட முக்கியம்.

எங்கே நிறுத்துவது? நீளச் சட்டங்கள் இரண்டுமே ஸ்பிரிங்கும் ஸ்டீயரிங்கும் பிடிக்கும் இடங்களில் ஒருசேர மெலிந்திருந்தால், அல்லது நல்ல இரும்பு என்று வெல்டிங் பிடிக்க இடமே மிஞ்சாவிட்டால், அந்தச் சேஸில் பணம் போடுவது வீண். பழைய அம்பாசடரில் முன்பக்க டார்ஷன் பார் வந்து முடியும் குறுக்குச் சட்டம் அரித்துப்போனதும் இந்த ரகம்தான். அப்போதுகூட அதே மாடல், அதே காலத்துச் சட்டத்தைத் தேடுவதே சரி. ஹரியானாவின் மண்டி டப்வாலியில் ஜீப்புக்குப் புதிதாகவே சேஸும் பாடியும் கட்டித் தருகிறார்கள். மலையில் ஓட்ட அது உதவலாம். பழங்கார் என்ற பெயருக்கு உதவாது.

சட்டம் என்ன சொல்கிறது

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. பழங்கார்களுக்கு இன்னும் நேரடியானது 2021 ஜூலையில் வந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரண்டு சக்கர, நான்கு சக்கரச் சொந்த வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம், எண்ணில் ‘வி.ஏ.’ எழுத்துகள் வரும்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, சான்று பத்து ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது. வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸிலோ பாடியிலோ என்ஜினிலோ மாற்றம் செய்யும் பெரிய மராமத்து நடந்திருக்கக்கூடாது என்பதும் நிபந்தனை. ஹெரால்டுகள் எல்லாமே இன்று 50ஐத் தாண்டியவை. அரித்த கையை அதே அளவு, அதே கனத் தகட்டில் செய்து வைப்பது மூல வடிவைக் காப்பது. நடுச்சட்டத்தைக் குட்டையாக்கி வேறு கியர்பாக்ஸ் உட்காரவைப்பது அதைக் கெடுப்பது. இடைப்பட்ட வேலைகளை விதி வரிசைப்படுத்தவில்லை, ஆகவே அதிகாரியின் பார்வைக்கு இடம் இருக்கிறது.

சேஸ் எண் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வாகன அழிப்பு நிலையங்களின் விதியிலும் காணலாம். வண்டியை நொறுக்குமுன் எண் உள்ள துண்டை வெட்டிப் பாதுகாப்பில் வைக்க வேண்டும். பட்டறையில் எண் உள்ள துண்டை மட்டும் வெட்டி வேறு சேஸில் ஒட்டுவது சிலருக்குச் சுலபமான வழியாகத் தோன்றும். பார்ப்பவருக்கு அது திருட்டு வண்டியாகத்தான் தெரியும்.

வெளிநாட்டில் இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 1929, 1930 லே மான் பந்தயங்களில் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், ‘ஓல்ட் நம்பர் ஒன்’, ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டது. அதில் பந்தயத்தில் ஓடிய பாகங்கள் மிகக் குறைவு, சேஸும் மாறியது என்று வாங்குபவர் பின்வாங்கினார். 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம், இடைவெளியில்லாமல் தொடர்ந்து வந்த வரலாறு அந்தக் காருக்கு இருப்பதால் அதுவே உண்மையான கார் என்று தீர்ப்பளித்தது. இதே நோக்கில்தான் உலகப் பழவாகனக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டுரின் சாசனமும், வாகனத்தின் மூலப் பொருளையும் அது கடந்து வந்த வரலாற்றையும் காக்கவும், செய்த மாற்றங்களை எழுதிவைக்கவும் சொல்கிறது.

நம் ஊரில் அந்தத் தொடர்ச்சியைக் காட்டப் பெரும்பாலும் காகிதமே இருக்கிறது. திண்டுக்கல் 1985 செப்டம்பரில்தான் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. இந்தப் பக்கத்துப் பழங்கார்கள் பல மதுரையில் பழைய எழுத்து வரிசையில் பதிவானவை. இன்றைய திண்டுக்கல் அலுவலகத்தின் டி.என். 57 அவற்றில் இராது. சேஸ் வேலையில் கைவைக்கும் முன் ஆர்.சி.யில் உள்ள எண்ணையும் வண்டியில் உள்ளதையும் ஒப்பிட்டு, டேப் ஒட்டி பென்சில் அச்சு எடுத்து, தேதியுடன் படம் பிடித்துவைக்க வேண்டும். அக்காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் எண் சட்டத்தில் வெட்டப்படாமல் என்ஜின் அறைச் சுவரில் ரிவெட் அடித்த தகட்டில் இருக்கும். டிங்கரிங்கில் முதலில் காணாமல் போவது அந்தத் தகடுதான். வெட்டி எடுத்த பழைய துண்டுகளையும் பதிவு அதிகாரியின் ஆய்வு முடியும்வரை பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருப்பது நல்லது.