கிம் கிம் ஆறு கற்பித்த பாடம்

நீரின் தூய்மையைக் கண்ணால் மட்டும் அறிதல் இயலாது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை அடுத்து, 1978 முதல் மலேசிய ஆறுகள் முறையாகச் சோதிக்கப்பட்டு வருகின்றன. கரைந்த உயிர்வளி, உயிரியல் உயிர்வளித் தேவை, வேதியியல் உயிர்வளித் தேவை, அம்மோனியா நைட்ரசன், மிதக்கும் துகள், அமில காரத்தன்மை ஆகிய 6 கூறுகளால் நீர்த்தரக் குறியீடு கணிக்கப்படுகிறது. 81க்கு மேல் தூயது. 60க்குக் கீழ் மாசுற்றது.

ஆயினும், 2019 மார்ச்சில் ஜொகூரின் பாசீர் கூடாங்கில் நிகழ்ந்தது யாது? கிம் கிம் ஆற்றில் கள்ளத்தனமாகக் கொட்டப்பட்ட வேதிக்கழிவின் நச்சாவியால் மாணவர்கள் மூச்சுத்திணறினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வகை நஞ்சை நேரே காட்டும் கூறு அக்குறியீட்டில் இல்லை. கருவிக்கு முன்னே குழந்தைகளின் நெஞ்சே அதனை உணர்த்திற்று.

மதிப்பெண் மட்டுமே மாணவனை அளந்துவிடாது என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். ஆற்றுக்கும் அஃதே பொருந்தும். அளவீட்டோடு கரைக்காவலும் வேண்டும்.