கடைசி ரைடு: கபடி விதிகளும் ஆட்ட இறுதித் துணிச்சலும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கத்து ஊர்களில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் மின்னொளி கபடிப் போட்டி நடக்கும். ஆட்டம் முடிந்தபின் எழும் வாக்குவாதம் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் சுற்றிவரும். ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தவர்கள் கடைசி ரைடில் உள்ளே இறங்கியிருக்க வேண்டுமா, கோட்டைத் தாண்டிக் காட்டிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டுமா? தோற்ற அணியின் பயிற்சியாளரும் கேப்டனும் அன்றிரவு முழுக்க இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்வி ஆட்டத்தோடு கூடப் பிறந்ததல்ல. விதிகள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தபோதுதான் இதுவும் உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊர்த்தெருச் சடுகுடுவில் பாடிப் போகிறவனின் மூச்சுதான் கால அளவு. எவ்வளவு ஆழம் போவது என்பது அவனுடைய முடிவு. பாட்டு அறுந்தால் அவன் அவுட். விதிகளை எழுத்தில் வகுக்கும் முயற்சி 1918-இல் சத்தாராவில் தொடங்கி, 1923-இல் பரோடாவில் ஹிந்த் விஜய் ஜிம்கானா வழியாக நிலைபெற்றது. 1938-இல் கல்கத்தாவில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் கபடி இடம்பெற்றது. அகில இந்திய சம்மேளனம் 1950-இல் அமைந்தது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டு வரை ஆட்டம் வளர்ந்தது. அங்கே தங்கம் வென்ற அணியில் தமிழகத்தின் ராஜரத்தினம் ஆடினார். 1994 ஹிரோஷிமாவில் வென்ற அணியில் மணத்தி கணேசன் இருந்தார். 

இருபது நிமிடம் கொண்ட இரு பாதி என்று நேரம் வரையறுக்கப்பட்டதும், முன்னிலை என்பது காத்து வைக்கக்கூடிய ஒன்றாயிற்று. ரைடர் எதிரணிப் பக்கத்துப் பாக் லைனைத் தாண்டிவிட்டுத் திரும்பினால் அவர் அவுட் இல்லை, புள்ளியும் இல்லை, 30 விநாடி வரை கழிந்துவிடும். மூன்று புள்ளி முன்னால் இருப்பவர் இப்படியே ஆட்டத்தை ஓட்டிவிடலாம். துணிய வேண்டிய பாரம் முழுவதும் பின்தங்கிய அணியின் தலையில் விழுந்தது.

2014 ஜூலை 26-இல் தொடங்கிய புரோ கபடி வழியாகப் பரவிய 'டூ ஆர் டை' விதி இந்த நிலையைக் குலைத்தது. ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு ரைடில் புள்ளி எடுக்காவிட்டால், மூன்றாவதில் எடுத்தே ஆகவேண்டும். இல்லையேல் ரைடர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. இதனோடு சூப்பர் டேக்கிளும் சேர்ந்தது. தற்காப்பில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் இரண்டு புள்ளி. முதல் விதி ரைடரை உள்ளே தள்ளுகிறது, இரண்டாவது அவரை எச்சரிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் இன்றைய பயிற்சியாளர் நிற்கிறார்.

இதை எண்களில் பார்த்தால் விளங்கும். ஒரு புள்ளி முன்னிலை, 35 விநாடி மிச்சம், நமது ரைடு, எதிரில் மூன்று பேர். உள்ளே போய்ப் பிடிபட்டால் சூப்பர் டேக்கிள். நாம் ஒரு புள்ளி பின்னால், கையில் வேறு ரைடும் இல்லை. காலியாகத் திரும்பினால் எதிரணிக்கு ஒரே ஒரு ரைடு மிஞ்சும். நேரம் தீர்ந்தாலும் தொடங்கிய ரைடு முடியும்வரை ஆடலாம். ஆகவே திரும்புவதே நல்லது. அதுவே மூன்றாவது ரைடாக இருந்தால்? அப்போதும் வெறுங்கையோடு வந்தால் போவது ஒரு புள்ளி, ஆட்டம் சமன். பிடிபட்டால் போவது இரண்டு. எதிரில் ஆறோ ஏழோ பேர் நின்றால் கணக்கே வேறு: போனஸ் புள்ளிக்கான கோடு திறந்திருக்கும், பிடிபட்டாலும் நட்டம் ஒரு புள்ளிதான். "பயந்துட்டான்" என்று வெளியே நின்று கத்துபவர்கள் எதிரில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். யாரை அனுப்புவது என்பதும் இதே வகைக் கேள்வி. அணியின் முதன்மை ரைடர் டூ ஆர் டையில் அவுட்டானால் அடுத்த ரைடுகளுக்கு அவர் இல்லை. அதனால்தான் பல அணிகள் அதற்கென்று இன்னொருவரை வைத்திருக்கின்றன.

2022 டிசம்பர் 13 அன்று புரோ கபடி எலிமினேட்டரில் தமிழ் தலைவாஸும் யு.பி. யோதாஸும் 36-36 எனச் சமனாயின. டை-பிரேக்கரில் ஒவ்வோர் அணியும் ஐந்து ரைடர்களை, முன்கூட்டியே கொடுத்த வரிசையில் அனுப்ப வேண்டும். அங்கே பயிற்சியாளரின் துணிவு களத்தில் அல்ல, அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆஷன் குமார் பயிற்றுவித்த தமிழ் தலைவாஸ் 6-4 என வென்றது. அவ்வணியின் முதன்மை ரைடர் பவன் செராவத் தொடக்க ஆட்டத்திலேயே காயமடைந்து விலகிய பருவம் அது.

விதியே தெளிவில்லாவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது. 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியாட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28, சுமார் ஒரு நிமிடம் மிச்சம். டூ ஆர் டை ரைடில் இந்தியாவின் பவன் செராவத் யாரையும் தொடாமல் பக்கவாட்டு லாபிக்குள் போக, ஈரான் தடுப்பாளர்கள் பின்னாலேயே போனார்கள். ரைடர் மட்டும் அவுட்டா, தொடர்ந்து போனவர்களும் அவுட்டா? பழைய விதியா புதிய விதியா என்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. இந்தியா 33-29 என வென்றது. எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பது களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லாதபோது வீரரின் முடிவைக் குறைசொல்வது நியாயமில்லை.

துணிவதா காப்பதா என்ற இதே விவாதம் அமெரிக்கக் கால்பந்தில் நான்காவது முயற்சியைப் பற்றியது: பந்தை உதைத்துத் தூர அனுப்புவதா, இன்னொரு முறை முன்னேறிப் பார்ப்பதா? அணிகள் அளவுக்கு மீறி உதைக்கின்றன என்று பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2009 நவம்பரில் 34-28 முன்னிலையில், ஆட்டம் முடிய இரண்டு நிமிடமே இருக்க, பயிற்சியாளர் பில் பெலிசிக் தன் பக்கத்து 28-ஆம் யார்டிலேயே முன்னேறத் துணிந்தார். அது தவறியது, எதிரணியான இண்டியானாபொலிஸ் 35-34 என வென்றது. அவர் முடிவு சரியே என்று கணக்குப் போட்டுக் காட்டியவர்களும் அன்று இருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் நகர்வுகளும் பதிவாகியிருந்ததால்தான் அந்த வாதம் கூச்சலோடு நிற்கவில்லை.

ஆகவே, தென்காசி வட்டாரத்தில் மின்னொளிப் போட்டி நடத்தும் குழுக்களுக்கு என் வேண்டுகோள்: கடைசி ஐந்து நிமிடத்தின் ஒவ்வொரு ரைடையும், எதிரில் நின்றவர் எண்ணிக்கையோடும் மிச்ச நேரத்தோடும் ஸ்கோர் தாளில் எழுதி வையுங்கள்.