வரலாற்றில் நமக்கென ஒரு காலம்



"ஐயா, வரலாறு கடல்போல் விரிந்து கிடக்கிறதே, எங்கே தொடங்குவது?" என்று மாணவர் பலர் என்னைக் கேட்டதுண்டு. கேள்வி நியாயமானதே. பாடநூல் நம்மை அரப்பாவிலிருந்து விடுதலைப் போர் வரையில் விரைந்து அழைத்துச் செல்கிறது. ஓடும் இரயிலிலிருந்து ஊர்களைப் பார்ப்பது போன்றது அப்படிப்பு. ஊர்களின் பெயர் தெரியும். ஊரில் வாழ்பவரைத் தெரியாது. ஏதேனும் ஒரு நிலையத்தில் இறங்கித் தெருத்தெருவாக நடந்தால்தான் ஊர் நமக்குப் பழக்கமாகும். அங்ஙனம் இறங்குவதற்குரிய காலம் ஒன்றைத் தேர்ந்துகொள்வது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் வேண்டுவது விருப்பம். அவ்விருப்பம் ஒரு கதையிலிருந்து பிறந்திருந்தால் அதற்காக நாணவேண்டுவதில்லை. 1950-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய கல்கியின் 'பொன்னியின் செல்வன்' எத்தனையோ பேரைச் சோழர் காலத்தின்பால் ஈர்த்திருக்கிறது. நானும் அவ்வழியே வந்தவன்தான். ஆனால் கதை வாயிலைத் திறந்துவிடும், அவ்வளவே. உள்ளே விளக்கேற்ற வேண்டியது சான்று.

ஆதலின் இரண்டாவதாகப் பார்க்க வேண்டுவது, அக்காலத்தவரே எழுதி வைத்த சான்றுகள் நமக்குக் கிடைக்கின்றனவா என்பது. சோழர் காலம் இவ்வகையில் பெரும் செல்வம் உடையது. கோயிற் சுவர்களே அன்றைய ஆவணக் களஞ்சியங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில், தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரும், அவர்கள் குடியிருந்த தெருவும், வீட்டின் வரிசையும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்காக விதிக்கப்பட்டதும் அங்கே காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்பதை இன்றும் நாம் அறிய முடிகிறது. இத்தகைய கல்வெட்டுகளை அரசினர் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்னும் வரிசையில் 1890 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டு வந்துள்ளனர். நூலகத்தில் அவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாக வேண்டுவது எல்லை. 'சோழர் காலம்' என்று சொல்லிவிட்டால் போதாது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியது முதல் 1279 வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட காலம் அது. நான் முதற் பராந்தகன் அரியணை ஏறிய 907-க்கும் முதலாம் இராசேந்திரன் மறைந்த 1044-க்கும் இடைப்பட்ட பகுதியை வரைந்துகொண்டேன். அதற்குள்ளும் ஒரே ஒரு வினாவைப் பிடித்துக்கொண்டேன்: அக்காலத்து ஊர்கள் தம்மைத் தாமே எவ்வாறு ஆண்டுகொண்டன? காலத்திற்கு எல்லையும் மனத்தில் ஒரு வினாவும் இருந்தால், எதைப் படிப்பது, எதை விடுவது என்ற தடுமாற்றம் பெரிதும் நீங்கிவிடும்.

நான்காவது ஒன்றும் உண்டு. அதை எனக்குக் கற்பித்தவன் ஒரு மாணவன்.

உத்திரமேரூரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர் அது. அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, உள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வாறு அமைந்தவையே சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன. பதவிக் காலம் 360 நாள். இதனை வகுப்பில் பெருமிதத்தோடு விளக்கி, "உலகுக்கே குடியாட்சியைக் கற்பித்தவர் நம் முன்னோர்" என்று முடிப்பது என் வழக்கம்.

ஒரு நாள், மண்பாண்டம் வனையும் குடும்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, குடத்தை வனைந்தவர் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். ஆசிரியப் பணியில் நான் சொன்ன விடைகளுள் அதைப்போல் என்னை உறுத்தியது வேறொன்று இல்லை.

அன்றிரவு கல்வெட்டின் வாசகத்தை முழுதும் படித்தேன். குடத்தில் பெயர் இடப்படுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் வேண்டும். தன் மனையிலே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். கல்வி மிக்கவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும் என்ற தளர்வும் உண்டு. உத்திரமேரூர் பிரமதேயம், அதாவது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். எனவே குயவர் பெயர் அக்குடத்தில் விழ வழியில்லை. பெண்களுக்கும் அங்கு இடமில்லை. மேலும், ஊர், நகரம் என வேறு வகை அவைகளும் அந்நாளில் இருந்தன. ஓர் ஊரின் கல்லைக் கொண்டு நாடு முழுதும் அப்படியே என்று நான் சொன்னதும் பிழையே.

அப்படியானால் அக்கல்வெட்டின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை, தெளிவடைந்தது என்பேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வரலாகாது என்றும், முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்றும் அவர்கள் விதித்தனர். முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டாவதில் 35 முதல் 70 வரை என்று மாறியது. தாம் செய்த விதியை இரண்டே ஆண்டுகளில் தாமே திருத்திக்கொண்ட மனிதரை அங்கே காண்கிறோம். வெறும் புகழுரையில் அவர்களைக் காண முடியாது.

அவ்வாறே, நெல்லளவும் தெருவும் குறித்த அதே பெரிய கோயிற் கல்வெட்டுகளில் 'தீண்டாச்சேரி' என்னும் சொல்லும் இருக்கிறது. விமானத்தின் உயரத்தை வியக்கும் கண், அடியிலுள்ள அச்சொல்லையும் படிக்க வேண்டும். இதுவே நான் குறிப்பிட்ட நான்காவது: நாம் விரும்பும் காலம் நமக்கு விருப்பமில்லாததைச் சொல்லும்போதும் செவிசாய்க்கும் துணிவு.

அடுத்த வாரம் வகுப்பில், "நான் சொன்னது பாதி உண்மை, மீதியைக் கேட்டவன் இவன்" என்று அம்மாணவனை எழுப்பி நிறுத்தினேன். பின்னர்க் கல்வெட்டின் வாசகத்தை அவனையே படிக்கச் செய்தேன்.

மாணவர்களே, உங்களுக்குப் பிடித்த காலம் சோழர் காலமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பிரெஞ்சுப் புரட்சியாக இருக்கலாம். அசோகனின் ஆட்சியாக இருக்கலாம். உங்கள் ஊரில் இரயில் பாதை வந்த பத்தாண்டாகவும் இருக்கலாம். சான்றுள்ள காலமாகத் தேருங்கள், எல்லை வகுத்துக்கொள்ளுங்கள், ஒரு வினாவோடு புகுங்கள். ஒரு குறிப்பேட்டில் செய்தி, அதன் ஆண்டு, அது கிடைத்த இடம், அதைப் பற்றிய உங்கள் ஐயம் ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். ஐயம் எழுதும் பத்தி வெறுமையாகவே இருக்குமானால், நீங்கள் இன்னும் இரயிலை விட்டு இறங்கவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.