உளநோவும் ஆற்றுப்படையும்

ஒரு சமுதாயம் தன் துன்பத்துக்கும் அத்துன்பம் தீர்க்கும் தொழிலுக்கும் இடுகின்ற பெயர்கள் அதன் வரலாற்றைச் சுமந்து நிற்பவை. மனம் நொந்தவருக்கு உறுதுணையாக நின்று வழிகாட்டும் பணியைத் தமிழகத்தார் 'மனநல ஆலோசனை' என்பர். இலங்கையின் அரச வழக்கில் அது 'உளவளத்துணை' எனப்படும். யாழ்ப்பாணத்திலே இவற்றோடு இன்னொரு சொல்லும் வழங்குகின்றது. அதுவே 'ஆற்றுப்படுத்தல்'. ஆறு என்றால் வழி, வழிப்படுத்துவது ஆற்றுப்படுத்தல். புண்ணை ஆற்றுவதும் துயரை ஆற்றுவதும் அதே ஒலியில் நம் செவியில் விழுகின்றன.

தமிழ் மாணவர் யாவரும் ஆற்றுப்படை நூல்களை அறிவர். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனுக்குத் தான் சென்ற வழியைக் காட்டுகின்றான். வழி காட்டுபவனும் நேற்றுவரை அதே பசியை அறிந்தவன் என்பதே அவ்விலக்கியத்தின் உயிர்நிலை. உளநலப் பணிக்கு இச்சொல்லைத் தெரிந்தெடுத்தவர்கள் ஆழ்ந்து சிந்தித்தே தெரிந்தெடுத்தனர் எனலாம். உளநோவை ஆற்றும் திறனை யாருக்கு, எம்மொழியில், எவ்வளவு காலம் பயிற்றுவது என்ற வினா இந்நாட்டில் இன்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வினாவின் வரலாற்றையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

வைத்தியத் திறனை மக்கள் மொழியிலே கற்பிக்கும் முயற்சிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நீண்ட முன்வரலாறு உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நிறுவி, இளைஞருக்கு மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பிக்கலானார். முதலில் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆங்கிலத்தில் பயின்றோர் அரச சேவையையும் நகரத்தையும் நாடினர். கிராமம் வைத்தியரின்றியே இருந்தது. இதனைக் கண்ட கிறீன் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' முதலிய பெருநூல்கள் அவராலும் அவர் மாணவராலும் தமிழுக்கு வந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் பயின்றனர். 1873இல் அவர் தாயகம் திரும்பிய பின்னர் அம்முயற்சி நிலைக்கவில்லை. கிறீனின் நோக்கம் சமயம் பரப்புதல் என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் அவர் அனுபவம் தரும் பாடம் தெளிவானது. எவருடைய மொழியில் அறிவு வழங்கப்படுகின்றதோ அவரிடையேதான் அவ்வறிவு தங்கும். அதனைப் பேணுவதற்கு நிலையான நிறுவனம் இல்லையாயின், தனிமனிதரோடு அது போய்விடும்.

உடல் நோய்க்கு மானிப்பாயில் வைத்தியம் கிடைத்த காலத்திலும் மன நோய்க்கு ஈழத்தமிழர் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அங்கொடை என்ற ஊர்ப்பெயர் ஒரு வசைச்சொல்லாகவே மாறிற்று. மொழி தெரியாத ஊரில், உயர்ந்த மதில்களுக்குள்ளே, நோயாளியின் உளத்துயர் எவருக்கு விளங்கியிருக்கும்? ஊரில் எஞ்சியோர் கோயிலையும் மந்திரிகரையும் சோதிடரையும் நாடினர். அதனை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. தம் துயரைத் தம் மொழியிலே செவிமடுக்க ஒருவர் அங்கேனும் இருந்தார் என்பதே மக்கள் அவ்விடங்களை நாடியதற்கான காரணங்களுள் ஒன்று. பின்னர் தெல்லிப்பழையில் உளமருத்துவப் பிரிவு அமைந்ததும், 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கப்பட்டதும் புதிய வாய்ப்புக்களைத் தோற்றுவித்தன.

அவ்வாய்ப்புக்கள் வேரூன்றுமுன்னரே போர் வந்தது. 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள்ளேயே நோயாளரும் வைத்தியரும் தாதியரும் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டனர். மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு இணைந்து 'முறிந்த பனை' என்னும் நூலை எழுதிய மூவருள் ஒருவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். குண்டுவீச்சு, இடப்பெயர்வு, காணாமற்போதல், கட்டாய ஆட்சேர்ப்பு என மக்கள் மனத்தைத் தாக்கியவை பல. வடபகுதி முழுவதற்கும் உளமருத்துவரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

இந்நெருக்கடிதான் யாழ்ப்பாணத்து உளநலப் பணிக்கு அதன் தனித்தன்மையை அளித்தது. மருத்துவர் வருவார் என மக்கள் காத்திருக்க முடியாத நிலையில், மக்களுக்குள்ளேயே துணைபுரிவோரை உருவாக்குவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் தோன்றிய 'சாந்திகம்' என்னும் அமைப்பும், மருத்துவ பீடத்து உளமருத்துவத் துறையினரும் இப்பணியிலே கைகோத்தனர். ஆசிரியர், சுகாதார ஊழியர், கிராம சேவையாளர், சமயப் பெரியார், நாட்டு வைத்தியர், அகதிமுகாம் தொண்டர் ஆகிய பலரும் பயிற்சி பெற்றனர். உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனமும் 1996இல் வெளியிட்ட அகதிகள் உளநலக் கைந்நூலைத் தழுவி, தமிழ்ச் சமுதாயத்தின் உளநலம் பற்றிய கைந்நூல் ஒன்றைத் தயா சோமசுந்தரமும் சா. சிவயோகனும் ஆக்கினர். 2000ஆம் ஆண்டு சாந்திகம் அதனை வெளியிட்டது.

இப்பயிற்சியின் உள்ளடக்கம் நம் கவனத்துக்குரியது. நம் மக்கள் 'எனக்கு மனச்சோர்வு நோய்' என்று கூறி வருவதில்லை. தலையிடி, நெஞ்செரிவு, நித்திரையின்மை, 'ஒரே யோசினை' என்றுதான் கூறுவர். பெருமூச்சே பலருக்கு நோய்க்குறி. இம்மொழியைப் படிக்கத் தெரிந்தவரே இங்கு உதவ வல்லவர். அதுபோலவே, மனத்தை அமைதிப்படுத்தும் முறைகளும் மக்கள் வழக்கிலிருந்து எடுக்கப்பட்டன. சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி. இவற்றோடு பிராணாயாமமும் சாந்தி ஆசனமும். பாட்டி அறிந்திருந்ததையே பேரனுக்கு விஞ்ஞானம் விளக்கிக் கூறியது. அந்நியப் பொருளாக அது தோன்றாததனாலேயே மக்கள் அதனை ஏற்றனர்.

ஏறத்தாழ இதே காலப்பகுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே இன்னொரு முயற்சி உருவாகிக் கொண்டிருந்தது. வாசிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மார்ஷா லினெகன், மீண்டும் மீண்டும் தற்கொலைக்கு முயலும் பெண்களுக்காக ஒரு சிகிச்சை முறையை வகுத்து, அதன் முதற் பரிசோதனை முடிவுகளை 1991இல் வெளியிட்டார். 'இயங்கியல் நடத்தைச் சிகிச்சை' என நாம் அதனைத் தமிழாக்கலாம். இயங்கியல் என்ற சொல் நம் வாசகருக்குப் புதிதன்று. எதிரெதிரானவை இரண்டும் ஒன்றையொன்று தாக்கி, ஒன்றினுள் ஒன்று புகுந்து, புதியதொன்றைப் பிறப்பிக்கும் என்னும் அத்தத்துவத்தை லினெகன் சிகிச்சை அறையினுள் கொண்டுவந்தார். 'நீ இருக்கின்றவாறே உன்னை ஏற்கின்றேன்' என்பது ஒருமுனை. 'நீ மாறியே ஆகவேண்டும்' என்பது மறுமுனை. முதலாவது மட்டுமே இருப்பின் துன்பம் அப்படியே நீடிக்கும். இரண்டாவது மட்டுமே இருப்பின், நொந்தவர் தாம் பழிக்கப்படுவதாகவே உணர்வார். இரண்டையும் ஒருங்கே ஏந்துவதுதான் அம்முறையின் சாரம்.

அதிலே கற்பிக்கப்படும் திறன்கள் நால்வகையின. நிகழ்கணத்தில் மனத்தை நிறுத்துதல். தாங்கொணா வேளையைத் தீங்கின்றிக் கடத்தல். உணர்ச்சிகளை அறிந்து நெறிப்படுத்தல். உறவை முறிக்காமலும் தன்மானத்தை இழக்காமலும் வேண்டியதைக் கேட்டுப் பெறுதல். முதலாவது திறனைச் சென் பௌத்தத்திலிருந்து தாம் பெற்றதாக லினெகன் கூறுவார். யாழ்ப்பாணத்து முகாம்களில் மூச்சைக் கவனிக்கக் கற்பித்ததும் சியாட்டிலிலே அதனைக் கற்பித்ததும் ஒரே கீழைத்தேய ஊற்றிலிருந்து பிரிந்த இரு வாய்க்கால்கள். 2011ஆம் ஆண்டு லினெகன் ஓர் உண்மையை உலகறியச் சொன்னார். 1961இல், தமது பதினேழாம் வயதில், தாமே மனநோய் மருத்துவமனை ஒன்றில் நோயாளியாக நீண்டநாள் அடைபட்டுக் கிடந்தவர் என்பதே அது. தாம் சென்று மீண்ட வழியையே பிறருக்கு அவர் காட்டினார். ஆற்றுப்படை என்பதற்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுமோ?

இம்முறையைப் பயிற்றும் விதமும் நாம் கற்க வேண்டிய ஒன்று. நோயாளர் வாரந்தோறும் தனியேயும் குழுவாகவும் சந்திக்கின்றனர். திறன்கள் முழுவதையும் ஒருமுறை கற்க ஏறத்தாழ 24 வாரம். மீண்டும் ஒருமுறை கற்று ஓராண்டு நிறைகின்றது. சிகிச்சையாளர் ஐந்து நாள் பயின்று, ஊர் திரும்பி, அரை ஆண்டு வரை செய்து பார்த்து, பின்னர் மீண்டும் ஐந்து நாள் கூடிப் பயில்கின்றனர். சிகிச்சையாளர் எவரும் தனித்து இயங்குவதில்லை. வாரந்தோறும் ஒன்றுகூடித் தம் சோர்வையும் தவறுகளையும் தம்முள் பகிர்ந்துகொள்கின்றனர். பிறர் துயரைச் சுமப்பவருக்கும் தோள் வேண்டும் என்பதை அம்முறை விதியாகவே வைத்துள்ளது.

இதற்கு எதிர்மாறானதை நாம் இங்கு கண்டுள்ளோம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னரும், 2009 மே மாதம் போர் முடிந்த பின்னரும் உளசமூகப் பணி என்ற பெயரிலே பல செயற்றிட்டங்கள் வடக்கே வந்தன. நல்லவையும் அவற்றுள் உண்டு. 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையைச் சமுதாயத்துக்குள் கொண்டுசெல்வதை நோக்கமாக அறிவித்ததும் நன்றே. எனினும் இருநாட் பட்டறை, ஆங்கிலத்தில் அமைந்த படவில்லைகள், மதிய உணவு, சான்றிதழ் என்ற அளவில் முடிந்த பயிற்சிகளும் பல. நிதி முடிந்ததும் பதவி முடிந்தது. பதவி முடிந்ததும் பயின்றவர் வேறு தொழில் தேடினர். அவரை நம்பித் தன் நெஞ்சைத் திறந்த தாய் மீண்டும் தனித்து விடப்பட்டாள். கிறீன் காலத்துப் பாடத்தை நாம் இன்னும் கற்கவில்லை.

இவ்விடத்தில் முற்போக்காளர் சிலர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். வறுமையும் ஒடுக்குமுறையும் உண்டாக்கிய துயரை மூச்சுப் பயிற்சியால் ஆற்றுவது அநீதியைச் சகித்துக்கொள்ளப் பழக்குவதாகாதோ என்பர். இவ்வையம் நியாயமானது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்திலே அமர்ந்தனர். அத்தாயிடம் 'நடந்ததை ஏற்றுக்கொள்' என்று ஒருவர் கூறுவாராயின் அது சிகிச்சையாகாது, கொடுமையாகும். லினெகன் கூறும் ஏற்பும் அதுவன்று. உள்ளதை உள்ளவாறு காண்பது ஏற்பு. அதனைச் சரியெனக் கொள்வது வேறு. மகன் வீடு திரும்பவில்லை என்பதைக் காண்பது ஒன்று. அவன் எங்கே எனக் கேட்பதை நிறுத்துவது இன்னொன்று.

உணர்ச்சி மிக்க ஒருவரின் துயரைச் சூழவுள்ளோர் இடையறாது மறுத்து வரும்போதே நோய் முற்றுகின்றது என்பது லினெகன் கோட்பாட்டின் ஒரு பகுதி. 'உனக்கு ஒன்றுமில்லை, நடிக்கின்றாய்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் தம் நோவைத் தாமே நம்பாதவராகின்றார். இதனைக் குடும்பத்தோடு மட்டும் நிறுத்த வேண்டியதில்லை. 2021 ஜனவரி 8ஆம் நாள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்தழிக்கப்பட்டது. மாணவர் போராட்டத்தின் பின்னர் அதே ஆண்டில் அது மீண்டும் எழுப்பப்பட்டது. அழுவதற்கு உரிமை மறுக்கப்பட்ட ஒரு சமுதாயமும் உணர்வு மதிக்கப்படாத குழந்தை போன்றதே.

புறநிலை மாற்றமும் அகத்திறனும் ஒன்றுக்கொன்று மாற்றாகா என்பதற்கு இலங்கையின் தற்கொலை வரலாறே சான்று. 1995இல் இந்நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து பத்தாண்டுக்குள் அவ்வீதம் பாதியாயிற்று. ஒரு சட்டம் காத்த உயிர்கள் பல்லாயிரம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கும் சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. மறுபுறம், யாழ்ப்பாணத்தில் போர் உக்கிரமடைந்தபோது குறைந்த தற்கொலை, போர் ஓய்ந்தபோது கூடியதைத் தயா சோமசுந்தரத்தின் ஆய்வு காட்டியது. போருக்குப் பின் நுண்கடன் வடக்கின் பெண்களைச் சூழ்ந்தது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. கடன்காரன் வாசலில் நிற்கும் பெண்ணுக்குக் கடன் நீங்கவும் வேண்டும். அது நீங்கும்வரை அவள் உயிரோடு இருக்கவும் வேண்டும். முன்னையது அரசியலின் பணி. பின்னையது ஆற்றுப்படுத்துவோரின் பணி. இரண்டையும் ஒருங்கே ஏந்துவதே உண்மையான இயங்கியல்.

ஆகவே, இத்தகைய புதிய முறைகளை நாம் வரவேற்க வேண்டும். வரவேற்கும்போதே சில நிபந்தனைகளையும் விதிக்க வேண்டும். அவை தமிழிலே, நம் மக்கள் துயர் உரைக்கும் சொற்களிலே கற்பிக்கப்படல் வேண்டும். பயிற்சி பட்டறையோடு முடியாது, ஆண்டுக்கணக்கான மேற்பார்வையாகத் தொடர வேண்டும். பயின்றோருக்கு அரச சேவையில் நிலையான பதவியும், அவர்தம் சோர்வைப் பகிரக் கூட்டமும் இருத்தல் வேண்டும். வகுப்பறையில் மௌனமாகிப் போகும் மாணவனை முதலில் காண்பவர் ஆசிரியர் என்பதால், நம்மவர்க்கு இதிலே தனிப்பொறுப்பு உண்டு. நாமும் அப்போரின் பிள்ளைகளே. பசியறிந்தவனே பசித்தவனுக்கு வழி சொன்னான் என்று நம் முன்னோர் பாடினர். இன்று அவ்வழியைச் சொல்லும் முறை நமக்கு வந்திருக்கின்றது. அதனைக் கற்று, நம் மொழியில் நிலைநிறுத்துவது நம் கடன்.