ஆச்சாரியாரின் முதல் மந்திரிசபை விட்டுச் சென்றவை

ஓர் ஆட்சியாளரைப் போற்றுவதும் எளிது, தூற்றுவதும் எளிது. அவர் இட்ட கையெழுத்து அவருக்குப் பின் எவர் வீட்டு வாயிலில் போய் நின்றது என்று தேடுவதே வரலாறு கற்போர்க்கு உரிய வேலை. அமெரிக்க நாட்டில் 1829 முதல் 1837 வரை குடியரசுத் தலைவராக விளங்கிய ஆண்ட்ரூ ஜாக்சனை எளிய மக்களின் தலைவர் என்று ஒரு சாரார் கொண்டாடுவர். அவர் 1830இல் கையெழுத்திட்ட சட்டத்தினால் செரோக்கி முதலான தொல்குடியினர் தாய்மண்ணை விட்டுத் துரத்தப்பட்டதை மற்றொரு சாரார் மறவார். இரண்டும் உண்மையே. நம் மாகாணத்தில் அவ்வாறு இருமுகம் கொண்ட ஆட்சி எது என வினவினால், 1937 ஜூலையில் அமைந்து 1939 அக்டோபரில் பதவி துறந்த சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியாரின் முதல் மந்திரிசபையையே நாம் சுட்டுவோம். 27 திங்களே நடந்த அவ்வாட்சியின் சட்டம் ஒன்று 2024இல் நம் கள்ளக்குறிச்சிக்காகத் திருத்தப்பட்டதை நமது இளைஞர்களுள் எத்தனை பேர் அறிவர்?

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159ஐக் காங்கிரஸ் வென்றது. தாழ்த்தப்பட்டோர்க்கு 30 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இரட்டைமலை சீனிவாசனாரும் அண்ணல் அம்பேத்கரும் வட்டமேசை மாநாட்டில் வாதாடிப் பெற்ற தனித்தொகுதி உரிமை 1932இன் பூனா ஒப்பந்தத்தில் கைநழுவியது. அதற்கு ஈடாகக் கிடைத்தவையே இவ்விடங்கள். எண்ணிக்கை கூடிற்று, ஆனால் இறுதித் தேர்தலில் வாக்களிப்போர் எல்லாச் சாதியாரும் ஆயினர். வி.ஐ.முனுசாமிப் பிள்ளை விவசாய மந்திரியாக அமர்ந்தது நம் மக்களுக்குப் பெருமையே. எனினும் கட்சிச் சீட்டில் வென்றவர் கட்சிக்கு எதிராக நிற்க இயலுமோ என்ற சோதனை விரைவிலேயே வந்தது.

அச்சோதனையைக் கொணர்ந்தவர் ராவ் பகதூர் எம்.சி.ராஜா. கூட்டுத்தொகுதியே போதும், சாதி இந்துக்களை நம்பலாம் என்று 1932இல் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்துகொண்டவரும் இவரே என்பதை மறத்தலாகாது. பொதுச்சாலை, கிணறு, குளம் முதலியவற்றில் நம்மவரைத் தடுப்பது குற்றம் என்னும் மசோதாவை 1938இல் அவர் கொணர்ந்தார், அது சட்டமாயிற்று. அதே ஆண்டில் ஆலயப் பிரவேச மசோதாவை அவர் முன்வைத்தபோது ஆச்சாரியார் மறுத்தார். திரும்பப் பெறுமாறு கூறினார். ராஜா இணங்கவில்லை, வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. ஒதுக்கப்பட்ட இடங்களிலிருந்து காங்கிரஸ் சார்பில் வந்தோரும் கட்சிக் கட்டளைக்கு அடங்கியே நின்றனர். மனம் நொந்த ராஜா காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதினார். ஆச்சாரியாரை நம்புங்கள் என்ற பொருளிலேயே மறுமொழி வந்தது.

ஆச்சாரியார் கோயில் நுழைவுக்குப் பகைவர் அல்லர். மலபாருக்கென்று தனிச்சட்டம் கொணர்ந்தவரும் அவரே. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் கக்கன் முதலானோரை அழைத்துச் சென்றபோது, அச்செயலில் ஈடுபட்டோரைக் காக்க அவசரச் சட்டம் பிறப்பிக்கச் செய்தவரும் அவரே. ஆனால் அவர் தந்தது அவர் குறித்த நாளில், அவர் குறித்த அளவில் வந்தது. நாம் கேட்டபோது, நம்மவர் ஒருவர் சட்டசபையில் எழுந்து நின்று கேட்டபோது, வரவில்லை. சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இதைக் காட்டிலும் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி நம் பாடநூல்களில் இல்லை. மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல், நம் தென்னார்க்காட்டு ஓமந்தூராரின் ஆட்சியில்தான் வந்தது.

கட்டாய இந்தியைப் பற்றி அனைவரும் அறிவர், விரித்துரைக்க வேண்டுவதில்லை. அப்போராட்டத்தில் சிறைப்பட்டு 1939 ஜனவரியில் உயிர்நீத்த நடராசன் நம் சமுதாயத்து இளைஞர் என்பதை மட்டும் இங்குக் குறித்து வைக்கின்றோம்.

இனி மதுவிலக்கு. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்து ஆசிரமத்தில் 1925 முதல் இருந்து, குடியினால் ஏழைக் குடும்பங்கள் அழிவதைக் கண்கூடாகக் கண்டவர் ஆச்சாரியார். 'விமோசனம்' என்று அதற்கென்றே ஒரு பத்திரிகையும் நடத்தியவர். பதவியேற்ற மூன்றாம் மாதமே, 1937 அக்டோபர் 1இல், சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளையும் சாராயக் கடைகளையும் மூடினார். அமெரிக்கா 13 ஆண்டுகள் நடத்திப் பார்த்து 1933இல் கைவிட்ட கொள்கையை நான்காண்டு கழித்து இங்கே தொடங்குவதற்குத் துணிவு வேண்டும். அடுத்த ஆண்டு சித்தூர், கடப்பை, அதற்கடுத்து வடஆர்க்காடு. தென்னார்க்காட்டுக்கு முறை வருமுன் மந்திரிசபை விலகிற்று. ஆகவே ஒரே கல்வராயன் மலையின் மேற்குச் சரிவான ஆத்தூர்ப் பக்கம் மதுவிலக்கு. கிழக்குச் சரிவான நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஏலக்கடை. மலைக்கு இரு புறமும் இரு நீதி என்ற நிலை அன்றே தோன்றிற்று. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948 அக்டோபர் 2இல். அதுவும் ஓமந்தூரார் காலத்தில்.

கடையை மூடினால் கலால் வருமானம் போகும். அக்காலத்தில் பள்ளிக்கூடச் செலவும் பெரும்பாலும் அப்பணத்தை நம்பியே இருந்தது. குடிகாரன் காசில் குழந்தைகள் படிப்பதா என்று காந்தியடிகள் வருந்தியதும், பள்ளிகள் கைத்தொழிலால் தம் செலவைத் தாமே ஈட்டட்டும் என்று வார்தா மாநாட்டில் ஆதாரக் கல்வியை வகுத்ததும் அதே 1937 அக்டோபரில்தான். ஆசிரியத் தொழிலில் உள்ள நமக்கு அத்திட்டம் ஏழைக் குழந்தையின் தலையில் சுமை வைத்ததாகவே தோன்றுகின்றது. 1953இல் ஆச்சாரியார் அரைநாட் பள்ளி, அரைநாள் குலத்தொழில் என்று கொணர்ந்து, 1954இல் பதவியை இழந்ததும் அவ்வழியில் வந்த வினையே எனலாம்.

ஆனால் சென்னையில் அவர் கண்ட வழி வேறு. 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றினார். இந்தியாவில் எல்லாப் பொருள்களுக்குமான விற்பனை வரி என்பது இதுவே முதல். குடியால் வரும் பணத்தை விடுவோம், மாறாக எல்லாரும் சிறிது சிறிதாகத் தருவோம் என்பது அதன் நியாயம். அந்நியாயத்தில் குறையில்லை. பின்வந்தோர் செய்ததுதான் வியப்பு. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. தொண்ணூறு கடந்த ஆச்சாரியார் வேண்டாமென்று மன்றாடியும் பயனில்லை. மீண்டும் மூடினர், 1981இல் மீண்டும் திறந்தனர். 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றிற்று. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. மது திரும்பி வந்தபோது, அதற்கு ஈடாகப் பிறந்த வரி விடைபெற்றுச் செல்லவில்லை. 2017இல் சரக்கு சேவை வரி வந்து ஏனைய பொருள்களை எடுத்துக்கொண்ட பின்னரும், மதுவின் மேல் மாநில விற்பனை வரியே நிற்கின்றது. சாராயக் காசு வேண்டாம் என்று பிறந்த வரி இன்று சாராயத்தினாலேயே கொழிக்கின்றது! தம் சட்டத்தின் பேரப்பிள்ளையை ஆச்சாரியார் அடையாளம் காண்பாரோ, ஐயமே.

மதுவிலக்குச் சட்டமோ இந்நாள் வரை நீக்கப்படவில்லை. கடை அரசுடையதாயின் வணிகம், மலையடிவாரத்து ஊறலாயின் குற்றம் என்று பிரித்தறியவே அது பயன்படுகின்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் நம்மவர். சுமை தூக்கியும் கூலிவேலை செய்தும் அன்றாடம் பிழைத்தோர். அரசுக் கடைச் சரக்கின் விலை கொடுக்க இயலாதவனுக்கே உறைச் சாராயம் என்பதை அத்தெருக்களில் எவரும் சொல்வர். அத்திங்கள் முடிவதற்குள் சட்டசபை கூடி, கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்று விதித்தது. அவ்வாறு திருத்தப்பட்ட சட்டத்தின் பெயரில் இன்றும் 1937 என்ற ஆண்டே நிற்கின்றது.