முதுமையென நாம் ஒதுக்கிய நோய்

கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கிழநாய் ஓயாது நீர் குடித்து, வயிறு தொங்கி, மயிர் உதிர்ந்தால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவர். எம் பள்ளி வாயிலிற் கிடந்த நாயைப்பற்றி நானும் அவ்வாறே சொன்னேன். அது நோயாகவும் இருந்திருக்கலாம்.

சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரீனல் சுரப்பிகள் நலிவதால் வரும் நோயை 1855இல் ஆங்கில மருத்துவர் அடிசன் விளக்கினார். அதற்கு மாறாக, பிட்யூட்டரிக் கட்டியால் அவை மிகைபடச் சுரக்கும் நோயை 1932இல் அமெரிக்கர் குஷிங் விளக்கினார். 1953இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழொன்று இந்நோயை நாய்களிடத்தும் பதிவு செய்தது. மேற்சொன்ன குறிகள் இதற்குரியனவே.

இன்று டெக்சாமெத்தசோன் மருந்தைச் சிறிதளவு செலுத்தி, 8 மணி நேரங்கழித்துக் குருதியிற் கார்ட்டிசோல் தாழ்கிறதா என நோக்குவர். தாழாவிடின் ஐயம் வலுக்கும். செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவமனையும் உண்டு. முதுமையென்று தீர்ப்பளிக்குமுன் சோதித்தறிதல், வாயற்ற உயிருக்கு நாம் செய்யும் கடன்.