மூங்கில் குழாயில் ஒரு கோடு



பரணில் பழைய பெட்டியைத் துடைத்தபோது, விரல் நீள மூங்கில் குழாய் ஒன்று கிடைத்தது. நடுவில் ஒரு கோடு. என் தாத்தா கருமருந்து அளந்த குழாய்.

1801-இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய கும்பினியார், நம் சீமையில் ஆயுதங்களுக்குத் தடை போட்டார்கள். 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். தாத்தாவுக்குப் பயிர்க்காவலுக்கென்று கிடைத்தது. குழல்வாய் வழியே மருந்தும் ரவையும் போட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி. தூரத்துக் குறிக்கு முழுக் குழாய் மருந்து. பதுங்கியிருந்து கிட்டத்தில் மான் சுடக் கோடு வரை போதும். தோளில் உதை குறையும்.

ஒருநாள் அந்த அரை மருந்தில் அடிபட்ட புள்ளிமான் விழாமல் ஓடிவிட்டது. மறுநாள்தான் ஓடைக்கரையில் கிடந்தது. பக்கத்தில் குட்டி. "என் தோள் நோகாம இருக்க, அது ராத்திரி பூரா நொந்திருக்கு" என்பார். அதோடு மான் வேட்டையை விட்டார்.

1962-இல் முண்டந்துறைச் சரணாலயம், 1972-இல் வனவிலங்குச் சட்டம், 1976-இல் களக்காடு, 1988-இல் புலிகள் காப்பகம். எல்லாம் பிறகு வந்தவை. தாத்தாவுக்குச் சட்டம் அந்தக் கோடுதான்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? எழுதுங்கள்.